பெருந்தொற்றுத் திட்டத்தில் சோற்றுக்கும் இடம் கொடுங்கள்

பெருந்தொற்றை எதிர்கொள்ளத் தேசியத் திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தடுப்பூசி, ஆக்சிஜன், படுக்கை, முகக்கவசம் என்று அடுத்த பெருந்தொற்றுக்காக எல்லா நாடுகளிலும் கணக்குப் போடுகிறீர்கள். 2025 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலகச் சுகாதார சபை பெருந்தொற்று ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொண்டது. நல்ல காரியம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்தத் திட்டங்களை எழுதும்போதே உணவுத் துறையையும் வேளாண் துறையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கு அறிவித்த பிறகு அவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை.

கொரோனா பரவிய 2020-இல் உலகின் தானிய விளைச்சல் குறையவில்லை, 270 கோடி டன்னைத் தாண்டியது. அதே ஆண்டில் பசியில் வாடியவர்கள் 72 கோடி முதல் 81 கோடி வரை இருக்கலாம் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. முந்தைய ஆண்டைவிடப் பத்துக் கோடிக்கும் மேல் அதிகம். கிடங்கில் தானியம் இருந்தது, வாங்கத்தான் கையில் காசில்லை. அன்றன்று சம்பாதித்து அன்றன்று சாப்பிடும் குடும்பத்துக்கு வேலை நின்ற மறுநாளே அடுப்பும் நின்றுவிடும். முதலில் பழமும் காய்கறியும் குறையும், அப்புறம் பாலும் முட்டையும், கடைசியில் ஒரு வேளைச் சாப்பாடே போகும். அதில் குழந்தையின் வளர்ச்சி தடைப்பட்டால், நோய் ஒழிந்த பிறகும் அதை முழுதாகச் சரிசெய்ய முடிவதில்லை. நோய்க்கணக்கில் இந்த இழப்பு வருவதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய வேதனை.

பள்ளிகளை மூடியபோது உலகம் முழுக்க சுமார் 37 கோடிக் குழந்தைகளுக்குப் பள்ளியில் கிடைத்த உணவு நின்றது. பலருக்கு நாளின் நல்ல சாப்பாடே அதுதான். பள்ளியை மூடும் உத்தரவிலேயே அந்தச் சாப்பாடு எப்படி வீடு போய்ச் சேரும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விளைவிப்பவர் பக்கமும் அதே கதைதான். அமெரிக்காவில் உணவகங்களும் பள்ளிகளும் மூடியதும் பண்ணையாளர்கள் பாலைக் கொட்டினார்கள். பெரிய வாடிக்கையாளருக்காக அமைந்த ஆலையையும் பொட்டலத்தையும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு போகும்படி மாற்ற முடியாது. ஐரோப்பாவில் எல்லைகள் மூடியதால் அறுவடைக்கு ஆள் வரவில்லை, ஜெர்மனி ருமேனியாவிலிருந்து விமானத்தில் தொழிலாளர்களை அழைத்துவர வேண்டியிருந்தது. 2014-இல் எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவிய லைபீரியா, சியரா லியோன், கினி நாடுகளில் எல்லையும் சந்தையும் முடங்கி உணவு நெருக்கடி வந்ததை உலகம் ஏற்கெனவே பார்த்திருந்தது. அப்படியிருந்தும் 2020-இல் எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொண்டோம்.

பயத்தில் உணவு ஏற்றுமதியை நிறுத்துவதும் வேண்டாம். இறக்குமதியை நம்பி வாழும் ஏழை நாடுகளைத்தான் அது முதலில் அடிக்கும்.

அறுவடைத் தொழிலாளி, லாரி ஓட்டுநர், சந்தையில் மூட்டை இறக்குபவர் எல்லோரையும் அத்தியாவசியப் பணியாளர் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள். அவர்களுக்கு முகக்கவசமும் மருத்துவமும் சேர்த்துக் கொடுங்கள். பாஸ் மட்டும் கொடுத்து அனுப்பினால் நோயும் அவர்களோடு பயணம் போகும். பதிவு செய்த ஊரில்தான் உணவு உதவி என்ற விதி இருந்தால் தளர்த்துங்கள், பிழைக்க வந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள்தான் முதலில் பட்டினி கிடப்பார்கள்.

அடுத்த பெருந்தொற்று ஒத்திகையில் மருத்துவமனையோடு நிறுத்தாமல் இதையும் சோதித்துப் பாருங்கள்: ஊரடங்கின் பத்தாம் நாள், வருமானம் நின்ற ஒரு குடும்பத்துக்கு உணவு எந்த வழியாகப் போகும், யார் கொண்டுபோவார்கள், தவறினால் யார் பதில் சொல்வார்கள்?

இப்படிக்கு,
உணவுப் பாதுகாப்பில் அக்கறையுள்ள ஒருவர்