செருப்புப் பெட்டியில் வரும் சின்னான் குஞ்சுகள்

அடுக்குமாடிக் குடியிருப்பு நலச்சங்கத்து நண்பர்களுக்கு,

வணக்கம். பறவைகளையும் பிராணிகளையும் பராமரிக்கும் ஒரு மீட்பு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். பங்குனி பிறந்தாலே எங்கள் வாசலுக்குச் செருப்புப் பெட்டிகள் வர ஆரம்பித்துவிடும். போன வாரம் திறந்த பெட்டியில் ஒரு சின்னான் குஞ்சு. கொண்டைக்குருவி என்பார்களே, அதுதான். வால் அரை விரல் நீளம்கூட இல்லை. வாயோரம் இன்னும் மஞ்சள். அலகில் பால்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. கொண்டுவந்த அம்மா வெயிலில் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். எடுத்த இடத்திலேயே விட்டிருக்கலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் குஞ்சு கூட்டிலிருந்து விழவில்லை, இறங்கியிருக்கிறது. பொரித்து 2 வாரம்கூட ஆகாது, ஒழுங்காகப் பறக்கத் தெரியும் முன்பே சின்னான் குஞ்சுகள் வெளியே வந்துவிடும். செடிக்குச் செடி தத்தும். தாயும் தகப்பனும் தேடிவந்து பூச்சி ஊட்டும். நாம் பக்கத்தில் நின்றால் அவை கிட்டே வராது. உடனே நாம் அநாதை என்று முடிவுகட்டிவிடுகிறோம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் சும்மா.

எங்களிடம் வந்துவிட்டால் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கு ஒருமுறை இடுக்கியால் ஊட்டுகிறோம். சிறகு வளர்ந்துவிடும். பாட்டுதான் சிக்கல். காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் குயில் குயிலாகத்தான் கூவும். குண்டுகரிச்சான் என்ற பாட்டுப் பறவை அப்படியில்லை. மூத்த பறவைகள் பாடுவதைக் கேட்டுத்தான் அது பாட்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் அறையில் அதற்குக் கேட்பது ஃபேன் சத்தமும் எங்கள் அரட்டையும்தான்.

சரி, என்ன செய்யலாம்? இறகு மூடிய குஞ்சு என்றால் பக்கத்துப் புதரில் வைத்து, பூனையை விரட்டிவிட்டு, ஜன்னலிலிருந்து பாருங்கள். இறகே முளைக்காதது என்றால் திரும்பக் கூட்டில் வையுங்கள். கூடு பிய்ந்திருந்தால் ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு அதே கிளையில் கட்டுங்கள். ரத்தம், தொங்கும் இறக்கை, பூனைக் கடி இருந்தால் மட்டும் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் இருக்கிறது, நேராக அதில் இறங்கிவிடும். வீட்டிலேயே வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

அன்று மாலையே அந்தக் குஞ்சை அந்த அம்மாவின் வளாகத்துச் செம்பருத்திச் செடியில் கொண்டுபோய் விட்டோம். கால் மணி நேரத்தில் வாயில் புழுவோடு ஒரு சின்னான் வந்து இறங்கியது.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வாட்ச்மேன் அண்ணனையும் கூப்பிடுங்கள். குஞ்சை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

இப்படிக்கு,
பெட்டிகளைத் திறக்கும் ஒருத்தி