வாங்கியவர் வீட்டில் பிழைக்கும் செடியை விற்போம்: நர்சரி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நர்சரி உரிமையாளர்களுக்கும் நம் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது. மாடித்தோட்டக்காரர்கள், புதுவீடு கட்டியவர்கள், பால்கனியில் நாலு தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் நம் வாசலுக்கு வரும் காலம். அதற்குள் நம் சங்கங்கள் கூடி ஒரு முடிவெடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். நாம் விற்கும் ஒவ்வொரு செடியுடனும், அது எங்கே, எதில், எப்படி வளர்ந்தது என்று சொல்லும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். தயங்காமல் அந்தச் சீட்டை எழுதும்படி நாம் செடி வளர்க்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இப்போது எந்த நர்சரிப் பலகையைப் பார்த்தாலும் 'ஆர்கானிக்', 'இயற்கை முறை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கிறது. எழுதுகிறவர்களில் பலர் நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் நம் தொழிலில் ஆகும் பெரிய வீணடிப்பைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை. வாங்கிப் போன வீட்டில் ஒரு மாதத்துக்குள் காய்ந்துபோகும் செடிதான் அது. அதற்கு ஊற்றிய தண்ணீர், போட்ட உரம், அடித்த மருந்து, கட்டிய கவர், லாரி டீசல் எல்லாமே அத்தோடு குப்பைக்குப் போகின்றன. கூடவே ஒரு வாடிக்கையாளரும் போய்விடுகிறார். 'என் கைக்குச் செடி வராது' என்று அவரே முடிவு கட்டிக்கொள்கிறார். அவர் கையில் குறையில்லை. பெரும்பாலும் குறை, நாம் செடியை அனுப்பும் விதத்தில்தான் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் வெளிச்சம் விழும். ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே அதில் பாதி. அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரம் சில ஆயிரம் லக்ஸ் கிடைத்தாலே பெரிது. ஹாலின் நடுவே, சோபா பக்கத்தில், சில நூறுதான். பசுமைக்குடிலில் ஈரக்காற்றும் தினசரி உரக் கரைசலுமாக வேகவேகமாக வளர்ந்த செடியை நாம் ஒரே நாளில் அந்த ஹாலுக்கு அனுப்புகிறோம். அது தளிர் விடும் வேகத்துக்கு அங்கே வெளிச்சம் போதாது, இலையைக் கொட்டுகிறது. மொட்டை மாடிக்குப் போகும் செடிக்கு இதற்கு நேர்மாறான கஷ்டம். மெல்லிய இலையோடு போய் முதல் நாள் வெயிலிலேயே கருகிவிடுகிறது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் அபோப்கா ஆராய்ச்சி மையத்தில் 1970களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் வைத்ததும் இலை கொட்டுவதில் பேர்போன ஃபைகஸ் பெஞ்சமினாவை, விற்பதற்கு முன் சில வாரங்கள் குறைந்த வெளிச்சத்திலும் குறைந்த உரத்திலும் பழக்கினார்கள். இலை கொட்டுவது வெகுவாகக் குறைந்தது. அங்கே உள்ளலங்காரச் செடித் தொழில் வளர்ந்ததில் இந்த அறிவுக்கும் பங்கு உண்டு. காய்கறி நாற்று விடும் நம் ஆட்களுக்கும் இது புதிதில்லை. தக்காளி நாற்றைக் குழித்தட்டோடு வெளியே எடுத்து வைத்து, தண்ணீரைக் குறைத்து, ஹார்டனிங் செய்யாமல் எந்த விவசாயிக்கும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அடுத்த வாரமே அவர் வாசலில் வந்து நிற்பார். அழகுச் செடி வாங்குகிறவர் அப்படி வந்து நிற்பதில்லை. கேட்க ஆளில்லை என்பதால் அந்த இரண்டு மூன்று வாரங்களை நாம் விட்டுவிடுகிறோம்.

ஆந்திராவின் நர்சரி ஊரான கடியத்திலிருந்து லோடு இறக்கி விற்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கோதாவரிக் கரை ஈரத்தில் வளர்ந்த செடி, லாரியில் நெருக்கியடித்து வந்து, இறங்கிய அன்றே விற்பனைக்கு நிற்கிறது. வந்த சரக்கை ஒரு பத்து நாள் நிழலில் தனியாக வையுங்கள். பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். செடியும் நம் ஊர்த் தண்ணீருக்குப் பழகிவிடும். இடம் அடைபடும், பணம் முடங்கும், எனக்குப் புரிகிறது. அந்தச் செலவைச் செடியின் விலையில் சேர்த்துக்கொள்ளலாம். 'இது பால்கனிக்குப் பழக்கிய செடி' என்று எழுதி, பத்து இருபது ரூபாய் கூட்டி வைத்துப் பாருங்கள். ஏன் கூடுதல் என்று வாடிக்கையாளர் கேட்பார். சொன்னால் புரிந்துகொள்வார். விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர் எப்படியும் அடுத்த தெருவுக்குத்தான் போகப்போகிறார்.

அடுத்தது வேர் நிற்கும் கலவை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆந்தூரியம் போன்ற செடிகள் பல பீட்மாஸில்தான் வருகின்றன. அதைப் பார்த்து நம்மில் சிலரும் இறக்குமதி பீட் மூட்டைகளை வாங்குகிறார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் முழுதாக மட்காத பாசியும் செடிகொடிகளும் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் சேர்வது. உலக நிலப்பரப்பில் மூன்று சதவீதம் மட்டுமே உள்ள இந்தச் சதுப்புகள், எல்லாக் காடுகளும் தாங்கும் கரிமத்தைவிட அதிகமாகத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பொள்ளாச்சியில் மலைமலையாகத் தேங்காய் நார்க்கழிவு கிடக்கிறது. நெதர்லாந்துப் பசுமைக்குடில்காரர்களே அதை வாங்கிப்போகிறார்கள். நாம் பால்டிக் கரையிலிருந்து பீட் இறக்க ஒரு காரணமும் இல்லை.

ஆனால் அந்த நார்க்கழிவிலிருந்து வரும் கோகோபீட் என்று எழுதியதாலேயே எல்லாம் சுத்தம் என்றும் ஆகிவிடாது. உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் போக அதை நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டியிருக்கிறது. கழுவிய தண்ணீரை அப்படியே நிலத்தில் விட்டதால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் கிணற்று நீர் பழுப்பாகிப்போன ஊர்கள் இருக்கின்றன. அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரரும் விவசாயிதான். கோகோபீட் வாங்கும்போது உப்பு அளவைக் கேட்கிறோம். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேட்போம். சங்கமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் அந்தக் கேள்விக்கு மதிப்பிருக்கும். பூந்தொட்டிக் கலவைக்குக் கழுவிய கோகோபீட்டேதான் வேண்டும் என்பதும் இல்லை. சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மட்கவைத்த நார்க்கழிவு உரத்தை வேளாண் பல்கலைக்கழகம் எத்தனையோ வருஷமாகச் சொல்லித் தருகிறது. செம்மண், மண்புழு உரத்தோடு அதைக் கலந்தால் அருமையான கலவை. கூடவே, தொட்டி கொஞ்சம் கனமாகி மாடிக் காற்றில் சாயாமல் நிற்கும்.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில் அது ஒன்பது லட்சம் லிட்டர். பாதியைப் பிடித்தால்கூட எவ்வளவோ மிச்சம். பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பாலிஹவுஸுக்கு 50 சதவீத மானியம் வாங்கிக் கட்டும்போதே ஓரக் கால்வாயும் குட்டையும் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் தோட்டக்கலைத் துறையிடம் கேட்க வேண்டும். மழைநீரில் உப்பு இல்லாததால் நாற்றும் நன்றாக வரும். இன்னொன்று. நாம் வளர்ப்பதில் பாதிச் செடிகளுக்கு பாலிஹவுஸே தேவையில்லை, நிழல்வலை போதும். மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஷீட் போடாதீர்கள். 200 மைக்ரான் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராமுக்கு மேல் எடை வரும். சில வருஷத்தில் வெயிலில் நைந்து கிழியும்போது ஆயிரம் சதுர மீட்டருக்கே 180 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக் கையில் இருக்கும். அதைக் கொளுத்தாமல் மறுசுழற்சிக்குக் கொடுக்க வழி இருக்கிறதா என்று போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கருப்புக் கவர் பற்றியும் பேசியாக வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, அரசுத் துறைகளின் ஆர்டருக்காக வனத்துறை, தோட்டக்கலை நாற்றங்கால்களில் பயன்படுத்தும் பைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் மரக்கன்று வளர்க்க அன்று வேறு வழி இல்லை என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் வீட்டுக்குச் செடி வாங்கும் ஒருவர் நடும்போது கவரைக் கிழித்து மண்ணோடு போட்டுவிடுகிறார். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நாமே ஏற்பாடு செய்யலாம். கவரும் பிளாஸ்டிக் தொட்டியும் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்த செடியின் விலையில் ஒரு சின்னத் தள்ளுபடி. தொட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம், கவரைச் சேர்த்துக் காயலான் கடைக்குப் போடலாம். திருப்பித் தர வருகிறவர் வெறுங்கையோடு போவது அபூர்வம். இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

பூச்சிமருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் இமிடாகுளோபிரிட்டோ தயோமீத்தாக்சமோ ஊற்றுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இவை வேர் வழியே ஏறி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேரும். அமெரிக்காவில் 2014-இல் பெரிய கடைகளில் விற்ற தோட்டச் செடிகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதியில் இந்த வகை மருந்துகள் இருந்தன. தேனீக்கு நல்லது என்று ஆசை ஆசையாக வாங்கிய பூச்செடியில் தேனீயைக் கொல்லும் மருந்து. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். ஹோம் டிப்போ நிறுவனம் அப்படிப்பட்ட செடிகளில் லேபிள் ஒட்டச் சொன்னது, பிறகு படிப்படியாக அந்த மருந்துகளையே நிறுத்தச் சொன்னது. நம்மிடம் துளசியும் கறிவேப்பிலையும் புதினாவும் வாங்கி மறுநாளே கிள்ளி வாயில் போடுகிறார்கள். கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தோம் என்று அவர்களிடம் சொல்லாமல் இருப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

மாற்று இல்லாமல் இல்லை. மஞ்சள், நீல ஒட்டும் அட்டைகள், வேப்பெண்ணெய், பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளான வெர்டிசீலியம், பவேரியா, கலவையில் சேர்க்கும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை எல்லாம் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. பொள்ளாச்சித் தென்னையில் 2016-இல் சுருள் வெள்ளை ஈ பரவியபோது, அதைக் கட்டுக்குள் கொண்டுவரப் பெரிதும் உதவியது என்கார்சியா என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவி. அதைக் காப்பாற்றத்தான் ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்று விஞ்ஞானிகள் கெஞ்சினார்கள். இங்கிலாந்தின் பசுமைக்குடில்களில் அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு குளவி 1920களிலேயே தக்காளியைக் காத்திருக்கிறது. மூடிய பந்தலுக்குள் இருக்கும் நமக்கு, திறந்தவெளி விவசாயியைவிட இது சுலபம்.

சரி, இவ்வளவும் செய்கிறோம் என்றால் அதை எப்படி விற்பது? 'ஆர்கானிக்' என்ற ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம். சான்று வாங்கியிருந்தால் தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் போடாதீர்கள். ஆதாரமில்லாமல் சுற்றுச்சூழல் பெருமை பேசும் விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளே கொண்டுவந்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பொத்தாம்பொதுவான பெருமையைவிடத் துல்லியமான தகவல் நன்றாக விற்கும் என்று நான் நம்புகிறேன். சீட்டில் இப்படி இருக்கட்டும்: 'இந்த ஊரில் வளர்ந்தது. ஒட்டுக்கன்று. கலவை: மட்கிய நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம். மூன்று வாரம் அரைநிழலில் பழக்கியது. கடைசியாக வேப்பெண்ணெய் தெளித்த தேதி இது. காலை வெயில் படும் ஜன்னல் வேண்டும்.' பேக்ளோபுட்ரசால் கொடுத்துக் குட்டையாக வைத்த செடி என்றால் அதையும் எழுதுவோம். விதைக்கன்றை ஒட்டுக்கன்று என்று விற்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சீட்டு வந்தால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

சீட்டோடு ஒரு வாட்ஸ்அப் எண்ணும் இருக்கட்டும். வாங்கிப் போனவர் இலை மஞ்சளாகிறது என்று படம் அனுப்பினால் நம் ஆள் ஒருவர் பதில் சொல்லட்டும். ஒரு செடி அவர் வீட்டுக்கு ஒத்துவராது என்றால் விற்காமல் வேறொன்றைக் கையில் கொடுங்கள். கொளுத்தும் சித்திரையில் மொட்டை மாடிக்கு நாற்று கேட்டு வருகிறவரிடம், மண்ணைத் தயார்செய்து வையுங்கள், ஆடியில் வாருங்கள் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன கடைக்கு அவர் கட்டாயம் திரும்பி வருவார், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.

இதை ஒருவர் மட்டும் செய்தால் விலை போட்டியில் அடிபட்டுப் போவார். அதனால்தான் சங்கங்களைக் கேட்கிறேன். சீட்டின் மாதிரியை ஒரே மாதிரி வடிவமைத்து, மொத்தமாக அச்சடித்து, அடக்க விலைக்கு உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். முதல் வருஷம் விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரட்டும். சேர்ந்தவர்களின் பந்தலை வேறு ஊர் உறுப்பினர்கள் இருவர் போய்ப் பார்த்து, எழுதியதும் நடப்பதும் ஒன்றுதானா என்று கையெழுத்துப் போடட்டும். பொய் எழுதியவரின் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் துணிவு சங்கத்துக்கு வேண்டும். ஆனி மாதக் கூட்டத்திலேயே இதைப் பேச எடுத்தால் ஆடி விற்பனைக்குள் அச்சடித்துவிடலாம். மாதிரிச் சீட்டு எழுதவும், வந்து பந்தல்களைப் பார்க்கவும் நான் தயார். என் பந்தலை முதலில் பார்க்க வாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு நர்சரிக்காரர்,
கோயம்புத்தூர் மாவட்டம்