வைஃபை வரலன்னா செவுத்த இடிக்கணுமா? பின் ரூம் சிக்னல் பத்தி என்னோட ஒன்பதாவது புகார்

கஸ்டமர் கேர் மேலதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். படிக்கிறது சாரா மேடமா தெரியல, யாரா இருந்தாலும் தயவு செஞ்சு கடைசி வரி வரைக்கும் படிங்க. இதுக்கு முன்னாடி எட்டு புகார் குடுத்திருக்கேன், எட்டையும் "தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் அனுப்பி மூடிட்டீங்க. எதுவும் தீரல. என் கனெக்‌ஷன் நம்பர், ரவுட்டர் மாடல், என்னைக்கு மாட்டுனீங்க எல்லாம் உங்க சிஸ்டத்துல இருக்கு, ஒவ்வொரு தடவையும் அதையே என்கிட்ட கேட்டு பத்து நிமிஷத்தை ஓட்டுறீங்க, அதனால இதுல எழுதப் போறதில்ல.

நேரா விஷயத்துக்கு வர்றேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்க ஆள் ஒருத்தர் என்கிட்ட சொன்னது இது: "சார், நடுவுல செவுரு இருந்தா சிக்னல் வராதுதான், வேணும்னா செவுத்த இடிச்சுருங்க." சொல்லிட்டு சிரிச்சார். அவர் மட்டும் இல்ல, பக்கத்துல இன்னொருத்தர் சிரிக்கிற சத்தமும் எனக்குக் கேட்டுச்சு. நாப்பது நிமிஷம் அந்த மியூசிக்கைக் கேட்டுட்டு லைன்ல காத்திருந்த மனுஷன்கிட்ட பேசுற பேச்சா இது? இருக்கிறதே வாடகை வீடு, எந்தச் செவுத்த இடிக்கிறது? ஆரம்பத்துலயே "இந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது"ன்னு சொல்றீங்கல்ல, அந்தப் பதிவை எடுத்துப் போட்டுக் கேளுங்க. பயிற்சி யாருக்கு வேணும்னு உங்களுக்கே தெரியும்.

சரி, கோவத்தை ஒதுக்கி வச்சுட்டு பிரச்சினையைச் சொல்றேன்.

ஹால்ல 200 எம்பிபிஎஸ் ஸ்பீடு பிளான்ல 190 வரைக்கும் வருது, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நடுவுல ஒரு ரூம், ஒரு பாத்ரூம், அதைத் தாண்டி பின் ரூம், அங்கதான் என் ஆபீஸ் டேபிள் இருக்கு. அங்க 5 எம்பிபிஎஸ் வந்தா அன்னைக்கு நல்ல நாள். வீடியோ கால்ல நான் பேசுறது ரோபோ பேசுற மாதிரி கேக்குதாம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மூஞ்சி உறைஞ்சு போய் நிக்குதாம். உங்க ஆளுங்க என்ன சொல்றாங்க? "ரவுட்டர் பக்கத்துல நின்னு ஸ்பீடு டெஸ்ட் எடுங்க சார்." எடுத்தா 190 காட்டுது. "நல்லாத்தானே வருது சார்"னு டிக்கெட்ட மூடிடுறாங்க. ரவுட்டர் பக்கத்துல வரும்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன ரவுட்டரைக் கட்டிப் பிடிச்சுட்டா வேலை பாக்க முடியும்?

வேற வழியில்லாம நானே போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு அளந்தேன். வைஃபை ரெண்டு அலைவரிசையில வருது, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு. 2.4ல சிக்னல் பலம் ஹால்ல மைனஸ் 45 டிபிஎம் (டெசிபல் கணக்கு, மைனஸ் நம்பர் ஏற ஏற சிக்னல் கம்மி), நடு ரூம்ல மைனஸ் 66, பின் ரூம்ல மைனஸ் 83. 5 கிகாஹெர்ட்ஸ் பின் ரூம்ல வரும் போகும், அதை நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும், இருந்தாலும் சொல்றேன், இதுல 10 டெசிபல் குறைஞ்சா சிக்னலோட பலம் பத்துல ஒரு பங்கு ஆயிடும். 38 டெசிபல் குறைஞ்சிருக்கு, அதாவது ஹால்ல இருக்கிறதுல ஆறாயிரத்துல ஒரு பங்கு கூட என் டேபிளுக்கு வந்து சேரல. இந்த நம்பரை மூணு தடவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு மெயில் பண்ணேன். வந்த பதில் "உங்கள் கருத்துக்கு நன்றி."

இதுக்கு நடுவுல ஒரு மேடம், மரியாதையாத்தான் பேசுனாங்க அவங்களக் குறை சொல்லல, "பிளானை 100ல இருந்து 200க்கு மாத்துனா சரியாயிடும் சார்"னு சொல்லி மாத்த வச்சாங்க. நானும் நம்பி மாத்துனேன். ஹால்ல 95 வந்தது 190 ஆச்சு, பின் ரூம்ல அதே 5. மாடியில குழாய் அடைச்சிருக்குன்னு சொன்னா கீழ தொட்டியப் பெருசாக் கட்டுங்கன்னு சொன்ன கதைதான் இது. எனக்கு ஸ்பீடு வேணாம் சார், இருக்கிற ஸ்பீடு பின் ரூம் வரைக்கும் வரணும், அவ்வளவுதான் நான் மூணு மாசமா கேட்டுட்டு இருக்கிறது. போன வாரம் இன்னொருத்தர் கூப்பிட்டு 300க்கு மாறச் சொல்றார்!

இப்போ அந்த சர்வீஸ் சென்டர் கதைக்கு வர்றேன், இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"ரவுட்டர்ல கோளாறு இருக்கலாம், சென்டருக்குக் கொண்டு போனா மாத்திக் குடுப்பாங்க"ன்னு உங்க ஆளே சொன்னார். அரை நாள் லீவு போட்டு, ரெண்டு பஸ் மாறி, கைக்குழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி ரவுட்டரைத் துணிப்பையில வச்சுத் தூக்கிட்டுப் போனேன். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உக்காந்தா, "அடாப்டர் எங்க? டப்பா எங்க?"ன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. அதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? மறுநாள் அடாப்டர், டப்பா, பில்லு, டப்பாவுக்குள்ள இருந்த காக்கிப் பேப்பர் உட்பட எல்லாத்தையும் கொண்டு போனேன். அங்க இருந்தவர் பிளக்குல சொருகினார், பச்சை லைட் எரிஞ்சுது, ஒரு கை தூரத்துல போனை வச்சுப் பாத்துட்டு "ஃபுல் சிக்னல் இருக்கே சார், நல்லா இருக்கிற பீஸை மாத்த முடியாது"ன்னுட்டார். ஒரு கை தூரத்துல! செவுரே இல்லாத ஒரு ஹால்ல! பிரச்சினை எங்க வீட்டு பின் ரூம்ல, நீங்க டெஸ்ட் பண்றது உங்க டேபிள் மேல.

அந்த ரெண்டு நாளும் வீட்ல நெட்டே இல்ல. பாப்பாவுக்கு அன்னைக்கு ஆன்லைன் டெஸ்ட், போன் டேட்டாவுல எழுதி பாதியில கட்டாயி ஒரே அழுகை. என் மனைவிக்கு ஒரு இன்டர்வியூ, தள்ளிப் போச்சு, தள்ளிப் போனது போனதுதான், திரும்பக் கூப்பிடவே இல்ல. எனக்கு வர வேண்டிய புரமோஷனும் இந்த மூணு மாசத்துல இன்னொருத்தருக்குப் போயிருச்சு, மீட்டிங்ல உறைஞ்சு போய் நிக்கிறவனுக்கு யார் குடுப்பா? ஒரு குடும்பத்தோட எதிர்காலத்தையே கெடுத்து வச்சிருக்கீங்கன்னு சொன்னா உங்களுக்கு மிகையாத் தெரியலாம். எங்க வீட்ல ஒரு வாரம் வந்து இருந்து பாருங்க.

முதல்லயே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். ரவுட்டரை எங்க மாட்டுனாங்க தெரியுமா? வாசல் பக்கத்துல டிவி ஸ்டாண்டுக்குள்ள, டிவிக்குப் பின்னாடி, கதவு போட்ட தட்டுல. நான் அன்னைக்கே நடு ரூம்ல வைக்கச் சொன்னேன். "கேபிள் பத்தாது சார், எங்க வச்சாலும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டு, ரெண்டு ஆன்டெனாவையும் ஆளுக்கொரு பக்கம் மடக்கி உள்ள தள்ளிட்டுப் போயிட்டார். எங்க வச்சாலும் ஒண்ணா? வீட்டோட ஒரு மூலையில வச்சா பாதி சிக்னல் தெருவுக்குல்ல போகுது! டிவியோட மெட்டல் பின்பக்கம் ஒண்ணு, கம்பி போட்ட கான்கிரீட் செவுரு ஒண்ணு, பாத்ரூம்ல டைல்ஸ், தண்ணி பைப்பு, பெரிய கண்ணாடி, இத்தனையையும் தாண்டி வரணும். போன வாரம் நானே அந்த மஞ்ச ஃபைபர் ஒயர் எட்டுற வரைக்கும் இழுத்து, ஒடிஞ்சிரக் கூடாதேன்னு மடிக்காம பாத்துப் பாத்து, ரவுட்டரை வெளிய எடுத்து அலமாரி மேல உயரமா வச்சு ஆன்டெனாவை நிமித்தி விட்டேன். பின் ரூம்ல மைனஸ் 83 இருந்தது மைனஸ் 76 ஆச்சு. அஞ்சு மடங்கு கூடியிருக்கு. பத்து நிமிஷ வேலை. நீங்க மூணு மாசத்துல பண்ணாதது.

அடுத்தது எக்ஸ்டெண்டர், வைஃபை சிக்னலைப் பிடிச்சுத் திருப்பி அனுப்புற டப்பா. அதையும் நீங்கதான் வித்தீங்க, உங்க பேரு போட்ட டப்பா. வந்த டெக்னீஷியன் அதை நேரா பின் ரூம்ல என் டேபிள் பக்கத்துல சொருகிட்டு "பாருங்க சார், ஃபுல் பாயின்ட்"னு காட்டிட்டுப் போயிட்டார். பாயின்ட் ஃபுல்லு, ஸ்பீடு 3. பின்ன எப்படி இருக்கும்? சிக்னல் செத்துப் போன இடத்துல நின்னு அந்த டப்பா எதைப் பிடிச்சு எதைத் திருப்பிக் குடுக்கும்? நான் அதைக் கழட்டி பாதி வழியில, நடு ரூம் வாசல்கிட்ட மாத்துனதுக்கப்புறம் 28 வந்துச்சு. ஒரே ரேடியோவுல வாங்கி ஒரே ரேடியோவுல குடுக்குற டப்பா அது, பாதி அதுலயே போயிடும், அதை விக்கும்போது யாரும் சொல்லல. அதுக்கு வேற ஒரு வைஃபை பேரு காட்டுது, ஹால்ல இருந்து ரூமுக்கு நடந்தா போன் பழசையே பிடிச்சுட்டுத் தொங்குது, கால் கட்டாகுது. தினம் ஒரு தடவை தானா நின்னு போய் பிடுங்கிப் போட வேண்டியிருக்கு. இதைக் கேட்டா "எக்ஸ்டெண்டருக்கு எங்க டீம் சப்போர்ட் கிடையாது சார்." உங்க டப்பாவுக்கு உங்க டீம் இல்லன்னா நான் யார் வீட்டுக்குப் போய்க் கேக்குறது?

சேனல் விஷயத்தைச் சொல்லலன்னா இந்த லெட்டர் முழுசாகாது. சேனல்னா வைஃபை ஓடுற ரோட்டுல ஒரு லேன் மாதிரி, எல்லாரும் ஒரே லேன்ல போனா நெரிசல். சுத்தி இருக்கிற வீடு அத்தனையும் 2.4ல 6ஆம் சேனல்ல உக்காந்திருக்கு, என் ரவுட்டரும் போய் அதே 6ல உக்காந்திருக்கு, 1ஆம் சேனல் பக்கம் ஆளே இல்ல. ஒண்ணு மேல ஒண்ணு விழாம இருக்கிறது 1, 6, 11 மூணுதான்னு சின்னப் பசங்களுக்கே தெரியுது. மாத்தலாம்னு ரவுட்டர் செட்டிங்ஸ் உள்ள போனா பூட்டி வச்சிருக்கீங்க, 2.4ஐயும் 5ஐயும் தனித்தனிப் பேரா பிரிக்கவும் விட மாட்டேங்குது. கால் பண்ணி சேனலை 1க்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். அந்தத் தம்பி என்ன கேட்டார் தெரியுமா, "எந்த சேனல் சார், டிவி செக்‌ஷனுக்கு கனெக்ட் பண்ணவா?" எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னே தெரியல. கோவிச்சுக்கல, சின்னப் பையன், அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா செவுத்த இடிக்கச் சொன்னவர் சின்னப் பையன் இல்ல, குரல்லயே தெரிஞ்சுது. அவரை நான் விடுறதா இல்ல.

நியாயமாவும் சொல்லிடுறேன். போன மாசம் மழையில ஃபைபர் அறுந்தப்போ உங்க லைன் ஆளுங்க நனைஞ்சுட்டே வந்து மூணு மணி நேரத்துல ஒட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. அவங்க மேல எனக்கு மரியாதை இருக்கு. அதனாலதான் இன்னும் கனெக்‌ஷனை வெட்டாம இதை எழுதிட்டு இருக்கேன், என் மனைவி வெட்டச் சொல்லி ஒரு மாசம் ஆச்சு.

எனக்கு என்ன வேணும்னா, விஷயம் தெரிஞ்ச ஒரு ஆளை அனுப்புங்க. ஃபைபரை நீட்டி ரவுட்டரை நடு ரூமுக்கு மாத்துங்க. இல்லன்னா ரவுட்டர்ல இருந்து பின் ரூமுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்க ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிள்ல வர்ற நெட்டை அங்கேயே வைஃபையா குடுக்குற டப்பா) வைங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்குற கேபிள், என் வீட்ல 15 மீட்டர் கூட வேணாம், கேபிளை நானே வாங்கி வைக்கிறேன். சேனல் மாத்துற வசதியத் திறந்து விடுங்க. ஒண்ணுக்கும் உதவாத அந்த எக்ஸ்டெண்டரை எடுத்துட்டு காசைத் திருப்பிக் குடுங்க, பிளானைப் பழையபடி 100க்கே மாத்துங்க, ஏமாத்தி மாத்துன நாள்ல இருந்து வாங்குன அதிகப்படியையும் கழிச்சுக் குடுங்க. அந்த செவுரு ஆசாமி எனக்கு ஃபோன் பண்ணி மன்னிப்புக் கேக்கணும். அவரேதான் கேக்கணும், அவருக்குப் பதிலா "சிரமத்திற்கு வருந்துகிறோம்"னு மெசேஜ் அனுப்புனா நான் ஏத்துக்க மாட்டேன்.

இன்னைல இருந்து ஏழு நாள் பாப்பேன். எட்டாவது நாள் நுகர்வோர் கோர்ட்டுல மனு குடுப்பேன், எட்டு டிக்கெட் நம்பர், ஸ்கிரீன்ஷாட், சென்டர்ல வாங்குன ரெண்டு டோக்கன் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். அந்த அளவுக்குப் போக எனக்கு ஆசை இல்ல, தயவு செஞ்சு போக வச்சுடாதீங்க.

ஆள் அனுப்புறதா இருந்தா ஞாயித்துக்கிழமை காலைல அனுப்புங்க, அன்னைக்கு எல்லாரும் வீட்ல இருப்போம். வர்றவர் ஏணி கொண்டு வரணும், போன தடவை வந்தவர் எங்க வீட்டு சேர் மேல ஏறி நின்னு அதோட ஒரு கால் இப்பவும் ஆடிட்டு இருக்கு.

இப்படிக்கு,
மூணு மாசமா உங்களுக்கு ஃபோன் பண்ணிட்டு இருக்கிற வாடிக்கையாளர்