காலாண்டு லீவுக்கு முன்னாடி ஒரு கடிதம்: ஸ்கூல் பையை யார் அடுக்கணும்?

அன்பான அப்பா அம்மாங்களுக்கும், வீட்டுல இருந்து புள்ளைங்களை பாத்துக்குற தாத்தா, ஆயா, சித்தி, மாமா எல்லாருக்கும் வணக்கம்.

காலாண்டு பரீட்சை நல்லபடியா முடிஞ்சுது. இந்த டெர்ம்ல நடந்ததை முதல்ல சொல்லிடறேன். ஜூலை 15 காமராசர் பிறந்தநாளை கல்வி வளர்ச்சி நாளா கொண்டாடினோம், பேச்சுப்போட்டி கட்டுரைப்போட்டி ரெண்டுலயும் நிறைய பசங்க கலந்துக்கிட்டாங்க, சோனல் மேட்ச்ல ஃபுட்பால் டீமும் கேரம் டீமும் நல்லா ஆடினாங்க, சயின்ஸ் எக்ஸிபிஷன் சிறப்பா நடந்துச்சு, ஆசிரியர் தினத்துக்கு பத்தாவது பசங்க சின்ன கிளாஸுக்கு போய் பாடம் எடுத்தாங்க. பரிசு வாங்கினவங்க, வாங்காதவங்க எல்லாருக்கும் என் வாழ்த்துக்கள். பரீட்சை பேப்பரை ஸ்கூல் திறந்த மொத வாரத்துல குடுத்துடுவோம்.

இப்போ உங்ககிட்ட மனசு விட்டு ஒரு விஷயம் பேசணும். கொஞ்சம் நீளமா தான் இருக்கும், தயவுசெஞ்சு முழுசா படிங்க. படிக்க டைம் இல்லன்னா ராத்திரி சாப்பிடும்போது புள்ளையவே சத்தமா படிச்சு காட்ட சொல்லுங்க, இது அவங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் தான்.

காலைல ப்ரேயர் முடிஞ்சு ஃபர்ஸ்ட் பீரியட் ஆரம்பிச்சதுலேர்ந்து இன்டர்வெல் பெல் அடிக்குற வரைக்கும் நம்ம ஸ்கூல் கேட்டுல ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க. ஒருத்தங்க கையில கணக்கு நோட்டு, இன்னொருத்தங்க கையில ஜியாமெட்ரி பாக்ஸ், இன்னொருத்தங்க வண்டில சார்ட் பேப்பர் சுருட்டி வெச்சிருக்கு, ஒரு ஆயா மூச்சு வாங்க நடந்து வந்து பேரன் மறந்துட்டு போன ரெக்கார்டு நோட்டை நீட்டுறாங்க. எல்லாத்தையும் வாட்ச்மேன் அண்ணன் வாங்கி, பேரு கிளாஸு கேட்டு, மாடியேறி போய் குடுத்துட்டு வரணும், அவர் மேல போற நேரத்துல கேட்டுல ஆள் இருக்காது, கிளாஸ்ல பாடம் நடுவுல நின்னுடும். இது மழைக்காலத்துல மட்டும் நடக்குற விஷயமா இருந்தா நான் பேசவே மாட்டேன், தினமும் நடக்குது.

கேட்டுல வந்து நிக்குற உங்க மேல எனக்கு கோவம் இல்ல. நீங்க எங்கேர்ந்து வர்றீங்கன்னு எனக்கு தெரியும். காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடியே ஏலத்துக்கு போய் மீன் எடுத்து வந்து கடை போடுற அம்மா, ஹார்பர்ல நைட் ஷிப்ட் முடிச்சுட்டு தூங்காம வர்ற அப்பா, எக்ஸ்போர்ட் கம்பெனில பத்து நிமிஷம் பர்மிஷன் கேட்டுட்டு வர்றவங்க, வீட்டு வேலைக்கு போற இடத்துல சொல்லிட்டு ஓடி வர்றவங்க. புள்ள ஆபீஸ் ரூம் போன்லேர்ந்து "ம்மா, நோட்டு வெச்சிட்டு வந்துட்டேன், எடுத்தாந்து குடு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், போட்டது போட்டபடி கிளம்பிடறீங்க. கன்டெய்னர் லாரி நடுவுல வண்டிய நுழைச்சு, ரயில்வே கேட்டுல காத்திருந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்குறீங்க. ஒரு நோட்டுக்காக அந்த நாள் கூலில பாதி போன அம்மாங்க நம்ம ஸ்கூல்ல இருக்காங்க. அந்த அம்மா வெயில்ல நிக்குறதை அந்த புள்ள பாக்குறதே இல்ல, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் போன் பண்ணேன், நோட்டு வந்துச்சு, அவ்ளோ தான். எனக்கு வலிக்குறது இங்க தான்.

ராத்திரில வாட்ஸ்அப் குரூப்லயும் இதே கதை தான். ஒம்போது மணிக்கு ஆரம்பிக்குது, "இங்கிலீஷ் ஹோம்ஒர்க் என்ன", "நாளைக்கு என்ன டெஸ்ட்", "யாராவது சயின்ஸ் நோட்டு போட்டோ எடுத்து போடுங்க"ன்னு பதினோரு மணி வரைக்கும் போகுது. கேக்குறது எல்லாம் பெத்தவங்க, பதில் சொல்றதும் பெத்தவங்க. கிளாஸ்ல உக்காந்து இருந்த புள்ள எங்க? அது தூங்கிடுச்சு, இல்லன்னா இன்னொரு போன்ல ரீல்ஸ் பாத்துட்டு இருக்கு. டீச்சருங்க கிளாஸ்ல போர்டுல எழுதி போட்டு டைரில எழுத டைமும் குடுக்குறாங்க. எழுதாத புள்ளைங்கள கேட்டா, "அம்மா குரூப்ல பாத்துப்பாங்க மிஸ்"னு சொல்லுதுங்க. ஆறாங்கிளாஸ் புள்ள சொன்னா கூட பரவால்ல, ஒம்போதாவது படிக்குற பையன் சொல்றான்.

ப்ராஜெக்ட் விஷயத்தையும் சொல்லிடறேன். எக்ஸிபிஷனுக்கு வந்த மாடல்ல சிலது ரொம்ப அழகா இருந்துச்சு, ஆனா அதை பத்தி கேட்டப்போ கொண்டு வந்த புள்ளைக்கு ஒரு வரி சொல்ல தெரியல. பக்கத்துலயே கோணலா ஒட்டி, கோந்து வழிஞ்சு, ஸ்பெல்லிங் தப்போட ஒரு மழைநீர் சேகரிப்பு மாடல் இருந்துச்சு. அந்த பையன் பைப் எங்க போகுது, மணல் எதுக்கு, ஜல்லி எதுக்கு, அவங்க தெருவுல தண்ணி ஏன் தேங்குதுன்னு கை காட்டி காட்டி விளக்கினான். நாங்க அந்த பையனுக்கு தான் மார்க் போட்டோம். கடையில ரெடிமேடா வாங்கி குடுக்க உங்களுக்கு எவ்ளோ செலவாகுதுன்னு எங்களுக்கு தெரியும், அந்த காசு வேண்டாம்ங்க, கோணலா இருந்தா இருக்கட்டும்.

இன்னொரு பக்கம், இந்த டெர்ம்ல நிறைய பேர் என்னை வந்து பாத்து "எம் புள்ளைய கிளாஸ் லீடரா போடுங்க மிஸ், அப்போ தான் பொறுப்பு வரும்"னு கேட்டீங்க. உங்க ஆசை நல்ல ஆசை. ஆனா பேட்ஜ் குத்தினதும் பொறுப்பு வந்துடாது, வரிசை அப்படியே தலைகீழ். தன் பையை தானே அடுக்குற புள்ளைக்கு தான் அடுத்தவங்க வேலையை பாத்துக்குற தெம்பு வரும். நம்ம பெரம்பூர் பக்கமே பாருங்க, 1918 ஏப்ரல் 27 அன்னிக்கு மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, இந்தியாவுல முறையா அமைஞ்ச மொத தொழிற்சங்கங்கள்ல ஒண்ணுன்னு அதை சொல்றாங்க. அதுக்கு வித்து போட்ட செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பெரிய பதவில இருந்தவங்க கிடையாது, வியாபாரம் பண்ணிட்டு இருந்தவங்க. மில்லு தொழிலாளிங்க படுற கஷ்டத்தை காது குடுத்து கேட்டாங்க, இதுக்கு ஏதாவது செய்யணும்னு தாங்களே கிளம்பினாங்க, அன்னி பெசன்ட்டோட சேந்து வேலை செஞ்ச பி.பி.வாடியாவை தேடிப்போய் கூட்டிட்டு வந்து தலைவரா உக்கார வெச்சாங்க. யாரும் அவங்களை லீடர்னு போடல.

இன்னும் கிட்டத்துல சொல்லணும்னா நம்ம புதுவண்ணாரப்பேட்டை பொண்ணு காசிமா. ஆட்டோ ஓட்டுற அப்பாவோட பொண்ணு, 2024 நவம்பர்ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக்கோப்பைல தனிநபர், இரட்டையர், குழுன்னு மூணு தங்கம் அடிச்சிட்டு வந்துச்சு. கேரம் சொல்லி குடுத்ததே அந்த அப்பா தான். ஆனா போர்டுக்கு முன்னாடி உக்காந்து ஸ்ட்ரைக்கர்ல விரல் வெச்சதும் அந்த பொண்ணு தனி, எவ்ளோ பாசம் இருந்தாலும் அப்பா வந்து காயினை தள்ளி விட முடியாது. சொல்லி குடுக்குறது நம்ம வேலை, செய்யறது அவங்க வேலைன்னு நான் சொல்ல வர்றது இதை தான்.

நம்ம ஸ்கூல்லயே ஏழாவதுல ஒரு புள்ள இருக்கு. அம்மா விடிகாலைலயே மார்க்கெட்டுக்கு போயிடுவாங்க. அந்த புள்ள ராத்திரி சாப்பிட்டு தட்டு கழுவினதும் டைம்டேபிள் பாத்து பையை அடுக்கி வாசக்கதவு பக்கத்துல வெச்சிடும், தம்பி பையையும் அவனை விட்டே அடுக்க வெக்கும். எப்படிம்மா மறக்காம இருக்கேன்னு கேட்டேன். "எடுத்தாந்து குடுக்க ஆள் இல்ல மிஸ், அதான்"னு சாதாரணமா சொல்லிட்டு போயிடுச்சு. அந்த புள்ளைக்கு இருக்குற கஷ்டம் வேற எந்த புள்ளைக்கும் வர வேண்டாம். அது கத்துக்கிட்ட பழக்கத்தை மட்டும், அம்மா பக்கத்துல இருக்கும்போதே, மத்த புள்ளைங்களும் கத்துக்கலாமே.

பழக்கம் வர எவ்ளோ நாள் ஆகும்னு கேப்பீங்க. 21 நாள்னு எல்லாரும் சொல்லுவாங்க, அப்படி இல்லீங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2009-ல வெளிவந்துச்சு. தினமும் ஒரு சின்ன வேலையை ஒரே நேரத்துல செய்ய சொன்னாங்க, அது யோசிக்காமலே கை தானா செய்யற அளவுக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு. சிலருக்கு 18 நாள்லயே வந்துடுச்சு, சிலருக்கு 254 நாள் வரைக்கும் கூட ஆகும்னு கணக்கு வந்துச்சு. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், நடுவுல ஒரு நாள் விட்டுட்டா பழக்கம் கெட்டு போயிடல, மறுநாள் தொடர்ந்தவங்களுக்கு பெருசா ஒண்ணும் குறையல. அதனால ஒரு நாள் மறந்துச்சுன்னு "நீ உருப்படவே மாட்டே"ன்னு திட்டாதீங்க, மறுநாள் செஞ்சா போதும். வழியும் சுலபம் தான், ஏற்கனவே தினமும் நடக்குற ஒரு வேலையோட இதை சேத்து விடுங்க. சாப்பிட்டு கை கழுவினதும் பை. டிவி அதுக்கு அப்புறம் தான். நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கலாம், "நாளைக்கு என்ன பீரியட்"னு கேக்கலாம், கையை மட்டும் வெக்காதீங்க.

இதுல முதுகுக்கும் நல்லது இருக்கு. 2020-ல மத்திய அரசு கொண்டு வந்த ஸ்கூல் பேக் கொள்கைல பையோட எடை புள்ளையோட எடைல பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு. 30 கிலோ இருக்குற புள்ளைக்கு 3 கிலோ. நம்ம புள்ளைங்க பை ஏன் அவ்ளோ கனமா இருக்குன்னு திறந்து பாத்தா அன்னிக்கு இல்லாத பாடமும் சேந்து இருக்கு, ஜூன்லேர்ந்து எடுக்காத பேப்பர் எல்லாம் அடியில கிடக்கு. டைம்டேபிள் பாத்து அடுக்குறதில்ல, எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு வருதுங்க, அப்படியும் தேவையானது வீட்டுல தான் இருக்கு.

ஸ்கூல் திறக்குற நாள்லேர்ந்து என்ன செய்யப்போறோம்னா, காலைல பெல் அடிச்சதுக்கு அப்புறம் நோட்டு, புக்கு, ஜியாமெட்ரி பாக்ஸ், ரெக்கார்டு, ப்ராஜெக்ட் எதையும் கேட்டுல வாங்க மாட்டோம். சாப்பாடு, தண்ணி, மாத்திரை மருந்து, கண்ணாடி எப்போ வேணா கொண்டு வரலாம், அதுல எந்த மாத்தமும் இல்ல. நோட்டு மறந்த புள்ளைய யாரும் அடிக்க மாட்டோம், வெளிய நிக்க வெக்கவும் மாட்டோம், தனி பேப்பர்ல எழுதிட்டு மறுநாள் நோட்டுல ஒட்டிட்டு வரணும், அவ்ளோ தான். கொஞ்சம் சங்கடமா இருக்கும், இருக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்ல ஸ்கூல் அறிவிப்பு மட்டும் வரும், ஹோம்ஒர்க் கேட்டா டீச்சருங்க பதில் போட மாட்டாங்க. டைரில எழுதலன்னா புள்ளையே கூட படிக்குற ஃப்ரெண்டுக்கு போன் பண்ணி கேட்டுக்கட்டும். உடம்பு சரியில்லாம லீவு போட்டவங்க, தனி கவனிப்பு தேவைப்படுற புள்ளைங்க இருந்தா என்கிட்ட நேர்ல வந்து சொல்லுங்க, அவங்களுக்கு இந்த விதி கிடையாது.

கடுமையா ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு, சொல்லிடறேன். போன வாரம் கேட்டுல வாட்ச்மேன் அண்ணனை ஒருத்தர் புள்ளைங்க காதுல விழற மாதிரி வாடா போடான்னு பேசினாரு, வயசுல மூத்தவரு அந்த அண்ணன். இது இனிமே நடக்கக்கூடாது. யாரா இருந்தாலும், என்ன அவசரமா இருந்தாலும் கூடாது. நடந்தா நான் அவங்களை ஆபீஸுக்கு கூப்பிட்டு அந்த அண்ணன் முன்னாடியே பேசுவேன். புள்ளைங்க நாம சொல்றதை பாதி கேக்குதுங்க, நாம செய்யறதை முழுசா பாக்குதுங்க.

உங்கள்ல நிறைய பேர், "நாங்க தான் படிக்கல, இதுங்களாவது கஷ்டம் தெரியாம படிக்கட்டும்"னு என்கிட்ட சொல்லியிருக்கீங்க. அந்த வார்த்தையை நான் ரொம்ப மதிக்கிறேன். வெள்ளம் வந்தப்போ வீட்டுல இருந்த பொருளை விட்டுட்டு புள்ளைங்க புக்கை பரண்ல ஏத்தி வெச்ச குடும்பங்க நீங்க. உங்களுக்கு படிப்பு எவ்ளோ பெருசுன்னு நான் சொல்லி தர வேண்டியதே இல்ல. மீட்டிங்னா கடையை மூடிட்டு வர்றீங்க, ஸ்கூலுக்கு பெயிண்ட் அடிக்கணும்னு சொன்னதும் வேலை தெரிஞ்ச அப்பாங்க ஞாயித்துக்கிழமை வந்து கூலி வாங்காம அடிச்சு குடுத்தீங்க. அந்த சுவரை பாக்குறப்போ எல்லாம் உங்களை நினைச்சுக்குவேன். எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்த புது முறையால மொத ரெண்டு வாரம் வீட்டுல அழுகை சண்டை எல்லாம் வரும், அப்போ என்கிட்ட வந்து பேசுங்க, சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் நான் ஆபீஸ்ல தான் இருப்பேன்.

லீவுல பசங்களை பெரியவங்க துணை இல்லாம கடலுக்கு அனுப்பாதீங்க, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கல்லு கொட்டியிருக்குற இடம் ரொம்ப ஆபத்து. திறக்குற அன்னிக்கு ஒவ்வொரு புள்ளையும் டைரி மொத பக்கத்துல டைம்டேபிளை தன் கையால எழுதி கொண்டு வரணும், உங்க கையெழுத்து கீழ இருந்தா போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியை