விளக்கைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள்

எங்கள் திரைப்படச் சங்கத்தின் திரையிடல் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிறு ‘டபுள் இன்டெம்னிட்டி’ (1944) போட்டதற்கு முதலில் நன்றி. பெரிய திரையில் அதைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் வாசலில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைப் பற்றியும், கடைசியில் நீங்கள் செய்த காரியத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த மாதிரி இருண்ட குற்றக் கதைப் படங்களைத்தான் நுவார் என்கிறோம். ‘நுவார் என்றால் நீளக் கோட்டு போட்ட துப்பறிவாளன், மழையில் நனைந்த தெரு, நல்லவனைக் கெடுக்கும் மோசக்காரி’ என்று அச்சடித்திருந்தீர்கள். அன்றைக்குப் போட்ட படத்தில் அப்படியொரு துப்பறிவாளனே கிடையாது. வால்டர் நெஃப் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க ஒரு வீட்டுக்குப் போகிறான். வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னல் தட்டி வழியாக வெளிச்சம் பட்டை பட்டையாக விழுகிறது, அதில் தூசி மிதக்கிறது. அந்தத் தூசிக்காக ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அலுமினியத் துகளைத் தூவினாராம். லாஸ் ஏஞ்சல்ஸின் பட்டப்பகலையே இருட்டாக்கிய ஆளுக்கு மழை எதற்கு?

அப்புறம் அந்த மோசக்காரி. புருஷனைக் கொன்று இன்சூரன்ஸ் பணத்தை வாங்கும் யோசனை அந்த வீட்டு மனைவி ஃபிலிஸுடையதுதான், சரி. ஆனால் ரயிலில் விபத்து என்று காட்டினால் 50,000 டாலருக்குப் பதில் ஒரு லட்சம் என்று கணக்குப் போட்டது யார்? நெஃப்தானே! கம்பெனியை ஏமாற்றிப் பார்க்கும் ஆசை அவனுக்கு ரொம்ப நாளாகவே உண்டு. அதை அவன் வாயாலேயே சொல்கிறான், ஃபிலிஸ் சுட்டதில் குண்டடி பட்டு, ராத்திரியில் ஆபீஸில் உட்கார்ந்து, குரலைப் பதிவு செய்யும் டிக்டாஃபோனில். தோற்றுப்போனவன் தன் கதையைத் தானே சொல்லும் அந்தக் குரல்தான், என்னைக் கேட்டால், நுவாரின் உயிர். தொப்பியும் கோட்டும் எவன் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

பார்ட்டன் கீஸைப் பற்றிப் பிரசுரத்தில் ஒரு வார்த்தை இல்லை. பொய் க்ளெய்ம் வந்தால் உள்ளே ஒரு குட்டி மனிதன் குடைகிறான் என்பாரே, எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்த அந்த மேனேஜர். அவர் வாயில் சுருட்டு இருக்கும், கையில் தீக்குச்சி இருக்காது. ஒவ்வொரு முறையும் நெஃப்தான் கட்டைவிரல் நகத்தில் குச்சியை உரசிப் பற்றவைத்துக் கொடுப்பான். முடிவில் கதவோரம் சரிந்து கிடக்கும் நெஃப், சிகரெட்டை வாயில் வைக்கிறான். பற்றவைக்கத் தெம்பில்லை. கீஸ் குனிந்து, குச்சியை வாங்கி...

அங்கேதான் விளக்கைப் போட்டுவிட்டீர்கள். அவன் விழுந்ததும் படம் முடிந்தது என்று நினைத்தீர்கள் போல. எனக்கு முன்வரிசைக்காரர் எழுந்து நின்று பைக் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். பின்னால் இருந்த யாருக்கும் அந்தத் தீக்குச்சி தெரியவே இல்லை.

அடுத்த மாதம் ‘அந்த நாள்’ (1954) என்று கேள்விப்பட்டேன். அதிலும் துப்பாக்கி மனைவியின் கையில்தான், ஆனால் நாட்டைக் காட்டிக்கொடுப்பவன் புருஷன். இதே பிரசுரத்தை நீட்டினால் அந்த மனைவியாக வரும் பண்டரிபாயும் மோசக்காரி ஆகிவிடுவார். அந்த வரியை எடுத்துவிடுங்கள். விளக்கு ஸ்விட்ச் பக்கத்தில் படத்தை முன்பே முழுசாகப் பார்த்த ஒருவரை உட்கார வையுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலிக்காரன்