ஒப்புட்டைத் தின்றது நானில்லை

அன்புள்ள கண்ணு செல்விக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. போனில் பேசினால் பாதியில் எனக்கு மூச்சு வாங்கும், மீதியில் நீ திட்ட ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் இளைப்பு அதிகமானபோது ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், தினமும் காலையில் 40 மில்லிகிராம். இரண்டாம் நாள் வெறும் வயிற்றில் சுகர் 121. சாயங்காலம் 318. "காலையில் நல்லாத்தானே இருந்தது, நடுவில் ஒப்புட்டு தின்னியா?" என்று கேட்டாய். டப்பாவில் ஒப்புட்டு, அதான் அந்த இனிப்புப் போளி, இருந்தது நிஜம்தான். தின்றது உங்கப்பா.

உனக்குப் பயந்து மூன்றாம் நாள் மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டேன். அன்று ராத்திரி படுக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்தே விடிந்தது. இதை உன்னிடம் மறைத்துவிட்டேன்.

அப்புறம் டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலையில் போடும் ஸ்டீராய்டு மத்தியானத்திலிருந்து சுகரைத் தூக்குமாம்; விடிவதற்குள் இறங்கிவிடுமாம். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பிடிபடாது. ஏறினால் சுகர் மருந்தை அவர்கள் கூட்டிக் கொடுப்பார்கள், ஸ்டீராய்டை நாமாக நிறுத்தக் கூடாது என்றார்.

"பீடி சிகரெட் தொடாத எனக்கு ஏனம்மா இந்த சி.ஓ.பி.டி., இந்த மூச்சுக்குழாய் அடைப்பு நோய்?" என்று கேட்டேன். என்ன அடுப்பில் சமைத்தீர்கள் என்றார். பருத்திமாரும் தென்னமட்டையும் வைத்து முப்பது வருஷம் ஊதினேனே, அந்தப் புகைதான். இப்போது ஆஸ்பத்திரியிலும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்கிறார்கள். முழு மூச்சு இழுத்து ஊதி விடும் மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் நொடியிலேயே வெளியே வர வேண்டுமாம். எனக்கு 58.

நுரையீரலில் இருக்கும் அழற்சி, அதாவது புகை பட்டு உள்ளே சிவந்து வீங்கியிருப்பது, நெஞ்சோடு நிற்பதில்லையாம். அந்த அழற்சி ரத்தத்திலும் கலந்து, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் செய்கிறதாம். போதாததற்கு, மூச்சு வாங்குகிறதே என்று நான் உட்கார்ந்தே கிடந்தேன். சர்க்கரையை நிறையச் செலவழிப்பது தொடைச் சதை மாதிரிப் பெரிய சதைகளாம். அது வற்றிப்போய் இடுப்பில் கொழுப்பு ஏறிவிட்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எனக்கு 94. புடவைக் கட்டில் தெரியவே இல்லை பார். சுகர் கூடினால் சளிக்காய்ச்சல் சீக்கிரம் ஒட்டும், அது வந்தால் மறுபடி இளைப்பு, மறுபடி அதே மாத்திரை. எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்றே தெரியாத செக்குமாட்டுப் பாதை.

அதனால் இப்போது தினமும் வாய்க்கால் பாலம் வரை நடக்கிறேன். வழியில் மூன்று இடத்தில் நிற்கிறேன். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லியிருக்கிறார்கள். ஊதுகுழல் பிடித்த வாய்க்கு இதைச் சொல்லித் தரவும் வேண்டுமா!

இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளிக்கிறேன், அதையும் கேட்காதே. நீயும் அந்தத் தையல் டேப்பை எடுத்து உன் இடுப்பை அளந்து எழுது. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிற வேலை உனக்கு.

அடுத்த முறை கூப்பிடும்போது சாயங்கால சுகரைக் கேள். ஒப்புட்டைப் பற்றி அப்பாவிடம் கேள்.

இப்படிக்கு,
அம்மா