ரிச்சி தெருவில் பார்த்த தம்பிக்கு நன்றி

அம்மா விடியற்காலையில் பாட்டு கேட்கட்டும் என்று, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றோடு புளூடூத் ஸ்பீக்கரை இணைத்திருந்தேன். பாட்டு விட்டு விட்டு வந்தது. தினமும் மறுபடி ஸ்பீக்கரை போர்டோடு ஜோடி சேர்க்க (pair) வேண்டியிருந்தது. ஸ்பீக்கர்தான் போச்சு என்று புதிது வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடையில் பக்கத்தில் நின்ற தம்பி, "அந்த போர்டுல ஹார்ட் டிஸ்க்கை நீல யுஎஸ்பி போர்ட்லயா சொருகியிருக்கீங்க?" என்றார். நீல போர்ட் என்றால் வேகமான யுஎஸ்பி 3; அது கிளப்பும் ரேடியோ இரைச்சல், புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே வந்து விழுமாம். டிஸ்க்கைக் கறுப்பு போர்ட்டுக்கு (யுஎஸ்பி 2) மாற்றச் சொன்னார், புளூடூத்தோடு மோதாமல் இருக்க வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸில் வைக்கச் சொன்னார். "ஜோடி சேர்த்தா மட்டும் போதாது சார், ஸ்பீக்கர் தானா மறுபடி இணைய டிரஸ்ட் (trust) கமாண்டும் கொடுங்க" என்று அதை என் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியும் கொடுத்தார்.

நாலு நாளாகத் தடங்கலே இல்லை. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் தம்பி. ரொம்ப நன்றி. அம்மாவும் சொல்லச் சொன்னார்.